இன்டர்நெட் லைன் போச்சா? ரீஸ்டார்ட்டா, ரீசெட்டா, ஆளைக் கூப்பிடுவதா?

கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் சாயங்கால மழை இடியோடு வந்து போனால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முதலில் விழும் கேள்வி "உங்க வீட்டுல லைன் இருக்கா?" என்பதுதான். இல்லை என்றதும் மூன்று கட்சி கிளம்பும். ஒருவர் சுவிட்சை அணைத்துப் போடச் சொல்வார், இன்னொருவர் குண்டூசியை எடுத்துக்கொண்டு ரவுட்டருக்குப் பின்னால் உள்ள ரீசெட் துளையைத் தேடுவார், மூன்றாமவர் டெலிகாம் மலேசியாவின் 100க்குப் போன் அடி என்பார். மூன்றுக்கும் அதற்கென்று ஒரு நேரம் இருக்கிறது. எது எப்போது என்பதைப் பெட்டியில் எரியும் விளக்கே சொல்லிவிடும், ஆனால் அதைத்தான் யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

ஃபைபர் வந்த வீடுகள் பலவற்றில் பெட்டி இரண்டு இருக்கும். சுவரிலிருந்து வரும் மெல்லிய கம்பி போய்ச் சேர்வது மோடம் (லைன் போட வருகிறவர்கள் பி.டி.யு. என்பார்கள்), வைஃபை கொடுப்பது ரவுட்டர். புதிதாக லைன் எடுத்தவர்களுக்கு இரண்டும் ஒரே பெட்டியில் வரலாம். மோடத்தில் எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கு சிவப்பாக மின்னினால் வெளியிலிருந்து ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள். சோபாவை நகர்த்தும்போது கம்பி நசுங்கியிருக்கலாம், எலி கடித்திருக்கலாம், தெருவில் யாராவது தோண்டியிருக்கலாம். நசுங்கல், மடிப்பு கண்ணில் பட்டால் மெதுவாக நேராக்கிப் பார்க்கலாம். அதற்கும் அடங்காவிட்டால் ரீஸ்டார்ட், ரீசெட் எல்லாம் வீண், நேராகப் போன்தான். பழைய கொண்டோக்களில் டெலிபோன் கம்பி வழியாகவே இன்டர்நெட் வருவதுண்டு. அங்கே பார்க்க வேண்டியது டி.எஸ்.எல். விளக்கு.

மோடத்தில் ஃபைபர் இணைப்பைக் காட்டும் பி.ஓ.என். விளக்கு பச்சையாக அசையாமல் எரிகிறது, ஆனாலும் இன்டர்நெட் இல்லை. இங்கே என் ஓட்டு ரீஸ்டார்ட்டுக்கு, அதுவும் முறையாகச் செய்தால். ரவுட்டரும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர்தான், மாதக்கணக்கில் அணைக்காமல் ஓடினால் நினைவகம் அடைத்துக்கொண்டு தடுமாறும், அல்லது லைன் தரும் நிறுவனத்தின் சர்வரோடு போட்ட இணைப்பு பாதியில் தொங்கிக்கொண்டிருக்கும். இரண்டு பெட்டியையும் அணைத்து, அரை நிமிடம் விட்டு, மோடத்தை முதலில் போட்டு, அதன் பச்சை விளக்கு நிலைத்த பிறகு ரவுட்டரைப் போட வேண்டும். அணைத்த கையோடு போடுவது நிறைய பேர் பழக்கம். சர்வர் பழைய இணைப்பை இன்னும் பிடித்து வைத்திருந்தால் அது புதியதை ஏற்காது, அந்த மாதிரி நேரத்தில் ஐந்து பத்து நிமிடம் அணைத்தே வைத்தால் பலன் தெரியும். இதில் நஷ்டம் என்று ஒன்றும் கிடையாது.

ரீசெட் விஷயம் வேறு. அந்தத் துளையில் ஊசியை விட்டுப் பத்து விநாடி அழுத்தினால் வைஃபை பெயர், பாஸ்வேர்டு, உள்ளே போட்டு வைத்த லாகின் எல்லாம் போய்விடும். நிறுவனமே தந்த ரவுட்டர் என்றால் சில நேரம் தூரத்திலிருந்தே மறுபடி அமைத்துக்கொடுப்பார்கள். லோ யாட் பிளாசா மாதிரி கம்ப்யூட்டர் கடைகளில் சொந்தமாக வாங்கி மாட்டியது என்றால் நீங்கள்தான் உட்கார வேண்டும். டெலிகாம் மலேசியாவின் யூனிஃபை லைனுக்கு, @unifi என்று முடியும் பயனர் பெயரும் அதற்குரிய பாஸ்வேர்டும் வேண்டும், ரவுட்டர் அமைப்பில் விஎல்ஏஎன் என்ற இடத்தில் 500 என்றும் போட வேண்டும். லைன் போட்ட அன்று கொடுத்த தாள் எங்கே என்று அப்பாவிடம் கேட்டால் அவர் அம்மாவைக் கைகாட்டுவார். அந்தத் தாள் கையில் இல்லாமல் ஊசியைத் தொடாதீர்கள். அட்மின் பாஸ்வேர்டு மறந்துபோனது, அமைப்பை யாரோ மாற்றிக் குளறுபடியானது, இந்த இரண்டுக்கும் ரீசெட் சரியான மருந்து. மற்றபடி அது கடைசி வரிசையில் நிற்கட்டும். மோடத்தில் உள்ள ரீசெட் துளையை மறந்தே விடுங்கள்.

நாலாவதாக ஒன்று உண்டு, யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. எந்த வெப்சைட்டும் திறக்கவில்லை, ஆனால் லேப்டாப்பில் 8.8.8.8 என்ற கூகிள் முகவரிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போட்டால் பதில் வருகிறது என்றால், லைன் நன்றாகவே இருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்தான் படுத்துவிட்டது. லேப்டாப்பின் நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ்ஸை 1.1.1.1 என்ற வேறொரு டிஎன்எஸ் முகவரிக்கு மாற்றினால் போதும். (2024 செப்டம்பரில் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் சொல்லி, இப்படி வெளி டிஎன்எஸ்ஸுக்குப் போகும் கேள்விகளை இன்டர்நெட் நிறுவனங்கள் தங்கள் சர்வருக்கே திருப்ப ஆரம்பித்தன, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே கைவிட்டார்கள்.) லேப்டாப்பின் ஐ.பி. முகவரி (நெட்வொர்க்கில் அதற்குரிய எண்) 169.254 என்று தொடங்கினால் கோளாறு இன்னும் பக்கத்தில், ரவுட்டருக்கும் லேப்டாப்புக்கும் நடுவில்; வைஃபையை விட்டுவிட்டு லேன் கேபிளைச் செருகிப் பாருங்கள்.

போன் போடுவது என்று முடிவானால் வெறும் "இன்டர்நெட் வரலை" என்று சொல்லாதீர்கள், அந்தப் பக்கம் இருப்பவர் உங்களை மறுபடி ரீஸ்டார்ட் செய்யச் சொல்லி அரை மணி நேரம் ஓட்டுவார். எந்த விளக்கு என்ன நிறம், எப்போதிலிருந்து, பக்கத்து வீட்டில் இருக்கிறதா, இதை முதல் மூச்சிலேயே சொல்லுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இழுத்தடித்தால் ஆணையத்திடம் போகும்போது அந்த எண் வேண்டும். டெக்னீஷியன் வரும்வரை பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கு கைப்பேசி ஹாட்ஸ்பாட் போதும், டேட்டா அளவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.