தையில் நட்ட மிளகாய்: மாடியில் ஏழு வருடம்

மன்னார்குடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மிளகாய் போட ஆரம்பித்தது 2018 ஆடியில். ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்று ஊரே சொல்லும்போது நான் மட்டும் வேறென்ன செய்வேன்? பன்னிரண்டு பை, பைக்கு இரண்டு செடி. புரட்டாசிக் கடைசி வரை கண் படும்படி இருந்தன. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. நாலைந்து நாள் கழித்து மாடி ஏறினால், மண் சொதசொதவென்று இருக்கிறது, இலையோ தண்ணீரையே காணாததுபோல் துவண்டு தொங்குகிறது. ஒரு செடியைப் பிடித்து இழுத்தேன். வேரின் தோல் மண்ணிலேயே தங்கிவிட, உள்ளே இருந்த நார் மட்டும் கையோடு வந்தது. நவம்பர் 16ஆம் தேதி கஜா வந்து தென்னை, மா எல்லாவற்றையும் சாய்த்துவிட்டுப் போனது. அதற்கப்புறம் யார் கேட்டாலும் “செடியா, புயல்ல போச்சு” என்று சொல்லிவிடுவேன். கஜா பாவம். அது வருவதற்கு முந்தின வாரமே அவை அழுகிவிட்டன.

காலிப் பைகளைப் பார்த்துவிட்டு என் மாமியார் சொன்னார்: “நெல்லுக்கும் மிளகாய்க்கும் ஒரே பட்டமா? அது தண்ணியில நிக்கிற பயிரு. இதுக்குக் கால் நனைஞ்சாலே காய்ச்சல் வந்துடும்.” விதைக்கும்போதே சொல்லியிருக்கலாமே அத்தை என்றால், “நீ கேக்கலையே” என்றார்.

வேளாண் பல்கலைக்கழகம் மிளகாய்க்கு மூன்று பருவம் சொல்கிறது: ஜனவரி-பிப்ரவரி, ஜூன்-ஜூலை, செப்டம்பர்-அக்டோபர். மற்ற ஊர்களுக்கு மூன்றும் சரியாக வரலாம். வடகிழக்குப் பருவமழையை முழுசாக வாங்கிக்கொள்ளும் எங்கள் பக்கத்தில், பையில் வளர்க்கிறவர்களுக்கு முதலாவதுதான். கார்த்திகைக் கடைசியில் குழித்தட்டில் விதை போட்டு, மழை படாமல் திண்ணையில் வைப்பேன். நாற்பது நாளில் நாற்று தயார். பொங்கல் வேலையெல்லாம் முடிந்து, தை இரண்டாம் வாரம் பைக்கு மாற்றினால் பங்குனியில் பச்சை மிளகாய் பறிக்கலாம். வற்றல் போடுகிற வெயிலும் அப்போதுதான் வருகிறது. அது இன்னொரு லாபம், பிறகு சொல்கிறேன்.

பையைப் பற்றி. முதலில் வாங்கியது மெல்லிசான மலிவுப் பை. இரண்டாவது கோடையிலேயே விளிம்பில் பொடிப்பொடியாக உதிர்ந்தது. தூக்கினால் கைப்பிடி கையில், மண் தரையில். அடுத்து வாங்கிய 15 அங்குல கனமான பைகளில் பாதி இன்றைக்கும் உழைக்கின்றன. ஆனால் பையை விட மண்தான் முக்கியம். எங்கள் கொல்லை மண் களி. வயலுக்குத் தங்கம், பைக்கு எமன். காய்ந்தால் செங்கல், நனைந்தால் அல்வா. வல்லம் பக்கத்துச் செம்மண் ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு என்று கலந்து, கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு சேர்த்த பிறகுதான் வேர் மூச்சுவிட்டது. பையை நேராகத் தளத்தில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வைத்தால் அடித் துளை அடைக்காது, தளமும் ஓதம் காக்காது. ஒரு பைக்கு ஒரு செடி போதும். இரண்டு வைத்து ஆசைப்பட்டதில் எனக்கு ஒன்றின் காய்தான் கிடைத்தது.

அடுத்தது சுருட்டை. மிளகாய் வளர்க்கிறவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கிற இடம். நான் முதல் மூன்று வருடம் எல்லாச் சுருட்டையையும் ஒரே நோய் என்று நினைத்து, எல்லாவற்றுக்கும் வேப்பெண்ணெய் அடித்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. இலை ஓரம் மேல்நோக்கி மடிந்து தோணி மாதிரி நின்றால் அது இலைப்பேன். கீழ்நோக்கி மடிந்து கவிழ்த்த தோணியாக இருந்தால் சிலந்திப்பேன். இலை சிறுத்து, மஞ்சளும் பச்சையுமாகத் தேமல் விழுந்து, செடியே குறுகி நின்றால் அது வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். அதற்கு மருந்து கிடையாது, மனசைக் கல்லாக்கிக்கொண்டு பிடுங்கிப் போட வேண்டியதுதான். சந்தேகமாக இருந்தால் காலை நேரத்தில் ஒரு வெள்ளைத் தாளைக் கொழுந்துக்கு அடியில் பிடித்து இரண்டு தட்டுத் தட்டுவேன். ரவைத்துளியை நீளவாக்கில் கிள்ளினது போல மஞ்சளாக ஏதாவது விழுந்து ஓடினால் இலைப்பேன். பூவுக்குள்ளேயும் இருக்கும்; பூவைப் பிரித்து உதறினால் தெரியும்.

இலைப்பேனுக்கு லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், அது தண்ணீரில் கரைய நாலு சொட்டு சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்புறம் நனைய அடிக்க வேண்டும். வாரம் ஒரு முறை, விடாமல். மடிந்த இலை நிமிராது, அதை எதிர்பார்த்து ஏமாறக் கூடாது. புதுக் கொழுந்து நேராக வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு மூன்று கிராம் எனக்கு நன்றாகக் கேட்டது. ஆனால் 2021 மாசியில் ஒரு தப்பு செய்தேன். திங்கட்கிழமை வேப்பெண்ணெய், வெள்ளிக்கிழமை கந்தகம். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் இலையெல்லாம் தோசை கருகினது போல. எண்ணெய் பட்ட இலைமேல் கந்தகம் விழுந்தால் அப்படித்தான் பொசுங்குமாம். இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு வாரம் விட வேண்டும். மருந்து கொடுத்த கடைக்காரர் இதைச் சொல்லவில்லை. நானும் டப்பாவில் இருந்ததைப் படிக்கவில்லை.

பூ உதிர்வது இன்னொரு தலைவலி. கத்தரி வெயிலில் தினமும் காலையில் பையைச் சுற்றி வெள்ளைப் பூ பொரி மாதிரி கொட்டிக் கிடக்கும். பகல் சூடு 35 டிகிரியைத் தாண்டிவிட்டால் மிளகாய்ப் பூ பிஞ்சு பிடிக்கத் திணறும். தேமோர்க் கரைசல் அடித்தால் நிற்கும் என்றார்கள். தேங்காய்ப் பாலும் புளித்த மோரும் சரிபாதி கலந்து, பானையில் ஒரு வாரம் வைத்து, ஒரு டம்ளருக்குப் பத்து டம்ளர் தண்ணீர் ஊற்றி நான்கு செடிக்கு அடித்தேன், நான்கு செடியைச் சும்மா விட்டேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. வாசனை மட்டும் பக்கத்து வீடு வரை தெரிந்தது. அடுத்த சித்திரையில் நான்கு பைக்கு மேல் பச்சை நிழல்வலை கட்டினேன். அவற்றில் பூ நின்றது. வலை இல்லாத செடிகளும் செத்துவிடவில்லை. ஆனியில் காற்றடித்துக் கொஞ்சம் சூடு தணிந்ததும் தானாகவே மறுபடி காய்த்தன. எனவே மே மாதம் காய்க்கவில்லை என்று யாரும் செடியைப் பிடுங்கிவிட வேண்டாம்.

பறிப்பதில் ஒரே ஒரு விஷயம்: காம்போடு, கத்தரியால் வெட்டிப் பறிக்க வேண்டும். இழுத்தால் காயோடு அடுத்த வாரப் பூவும் சேர்ந்து வரும். பச்சையாகவே பறித்துக்கொண்டே இருந்தால் செடி பூத்துக்கொண்டே இருக்கும். பழுக்க விட்டால் வேலை முடிந்தது என்று அடங்கிவிடும். பழுக்க விட்டால் கொண்டைக்குருவிக்கும் கொண்டாட்டம். நம்மை எரிக்கிற காரம் பறவைக்குத் தெரியாது. கைப்பிடிச் சுவர் வெடிப்பில் ஒரு ஊசி மிளகாய்ச் செடி தானாக நிற்கிறது. நான் வைத்தது இல்லை. அதற்கு ஒரு நோயும் வருவதில்லை என்பதுதான் எரிச்சல்.

இப்போது குடமிளகாய். கடையில் பச்சையும் மஞ்சளுமாக உருளையளவு விற்கிற குடைமிளகாய் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்தில் மோர் மிளகாய்க்கென்றே போடுகிற குண்டுக் காய். 2020இல் சொந்தக்காரர் வீட்டிலிருந்து விதை வந்தது. முதல் வருடம் குண்டு குண்டாக, அளவான காரத்தோடு காய்த்தது. அதிலிருந்து விதை எடுத்துப் போட்டேன். அடுத்த வருடம் மூன்று செடி சரி, இரண்டு செடியில் காய் நீண்டு, வால் முளைத்து, நாக்கில் வைக்க முடியவில்லை. மிளகாய் தன் மகரந்தத்திலேயே காய்க்கும், ஆனால் தேனீ சும்மா இருக்காது. பக்கத்தில் இருந்த ஊசி மிளகாய் வேலையைக் காட்டிவிட்டது. காயில் தெரியாது, விதையில் ஏறிவிடும், மறுவருடம்தான் குட்டு வெளிப்படும். இப்போது விதைக்கென்று ஒரு கிளையை மொட்டிலேயே கொசுவலைத் துணியால் பை மாதிரி மூடி, பிஞ்சு பிடித்ததும் துணியை எடுத்துவிட்டு, காம்பில் சிவப்பு நூல் கட்டிவிடுகிறேன். நூல் கட்டின காயை யாரும் தொடக் கூடாது. ஒருமுறை அத்தை சாம்பாரில் போட்டுவிட்டார்.

மோர் மிளகாய் போடுவது சித்திரையில். காம்பை ஒட்ட வெட்டாமல் கொஞ்சம் விட்டு, காயைக் கழுவித் துடைத்து, ஊக்கால் இரண்டு இடத்தில் குத்துவோம். கத்தியால் கீறினால் விதை மோரிலேயே நின்றுவிடும் என்பது அத்தையின் கட்சி. புளித்த கெட்டி மோரில் உப்பு, பொடித்த வெந்தயம் போட்டு இரண்டு நாள் ஊறல். மூன்றாம் நாள் வடித்து வெயிலில், மாலையில் மறுபடி அதே மோரில். மோர் தீரும் வரை இப்படியே. நாலைந்து நாளில் காய் வெளுத்து, தோல் கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே விதை ஆடுவது தெரியும். பிறகு மொறமொறவென்று காய வேண்டும். எண்ணெயில் போட்டால் உப்பி, ஒரு பக்கம் கறுக்கும்போது எடுத்துவிட வேண்டும். குத்திய கை ராத்திரி வரை எரியும். தண்ணீரில் எவ்வளவு கழுவினாலும் போகாது, காரம் எண்ணெயில்தான் கரையும். தேங்காய் எண்ணெய் தேய்த்து, அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவினால் அடங்கும்.

சிவப்பு வற்றலும் முயன்றேன், ஆவணியில். எங்கள் காற்றின் ஈரத்தில் தோல் காய்ந்தது, உள்ளே பூசணம். அந்த வேலைக்கு ராமநாதபுரத்து வானம் வேண்டும். அங்கத்திய முண்டு வற்றல் 2023இல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. சாம்பார்ப் பொடிக்கு நான் கடையில்தான் வாங்குகிறேன்.

காசுக் கணக்கு பார்த்தால் நஷ்டம்தான். ஐந்து செடி இருந்தால் நாலு பேர் வீட்டுக்கு ஏழு மாதம் பச்சை மிளகாய் வாங்க வேண்டாம், ஆனால் பச்சை மிளகாய் வாங்கி யாரும் ஏழையானதில்லை. மோர் மிளகாய் மட்டும் வேறு கதை. கடையில் வாங்குவதில் பாதி உப்பு.

இந்தப் புரட்டாசியில் பெரும்பாலான செடிகளைப் பிடுங்கிவிட்டேன். அந்த மண்ணில் கத்தரி, தக்காளி வைப்பதில்லை. மூன்றும் ஒரே குடும்பம், நோயும் ஒன்றே. கீரை தூவியிருக்கிறேன். குடமிளகாயில் இரண்டு செடியை மட்டும் முழங்கால் உயரத்துக்கு வெட்டி, சன்ஷேடு அடியில் இழுத்து வைத்திருக்கிறேன். கார்த்திகையைத் தாண்டிவிட்டால் துளிர்க்கும். போன வருடம் இதே மாதிரி வைத்ததில் ஒன்று தாண்டியது.