ஆட்டு ரத்தப் பரிசோதனை: இமை வெளுப்பு ஒன்று, நோய் இரண்டு

எங்கள் பட்டியில் 42 மேச்சேரிச் செம்மறி ஆடுகள். ஆடு மெலிந்தால் பூச்சி மருந்து ஊற்று, அவ்வளவுதான் நான் கற்ற வைத்தியம். போன கார்த்திகை மழைக்குப் பிறகு இரண்டு தடவை ஆல்பெண்டசோல் ஊற்றியும் மூன்று பெட்டைகள் தேறவில்லை. ஒன்று செத்தும் போனது. அப்புறம்தான் டவுனில் இருக்கும் தனியார் கால்நடை லேபுக்கு ரத்தம் அனுப்பிப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஒரு ஆட்டுக்கு 350 ரூபாய்.

முதல் தடவை காசு தண்டம். ஊசி போடத் தெரிந்த மச்சான் கழுத்து நரம்பில் ரத்தம் எடுத்து, ஊதா மூடிக் குழாயில் பிடித்துக் கொடுத்தான். பையில் போட்டு மதிய பஸ்ஸில் கொண்டுபோனேன். மறுநாள் போன் வந்தது: "சிவப்பணு எல்லாம் உடைஞ்சிருக்குங்க, பார்க்க முடியாது." வெயிலில் குலுங்கிப் போனது என் தப்புதான். ஆனால் முந்தின நாள் லேபில் குழாயை என் கையில் கொடுத்தவர் ஐஸ் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே! பணமும் திரும்பவில்லை.

இரண்டாம் தடவை கால்நடை டாக்டரையே பட்டிக்குக் கூப்பிட்டேன். காது நுனியில் மயிரைச் சிரைத்து, ஸ்பிரிட் துடைத்துக் காயவிட்டு, ஊசியால் ஒரு குத்து. மிளகளவு துளியைக் கண்ணாடிச் சில்லின் ஓரத்தில் வைத்து, இன்னொரு சில்லால் ஒரே இழுப்பு. துளி மெல்லிசாகப் பரவியது. காற்றில் விசிறிக் காயவைத்து உடனே தாளில் சுற்றிவிட்டார். விட்டால் ஈ மொய்த்து ரத்தத்தைத் தின்றுவிடுமாம். குழாய் ரத்தத்தையும் துணியில் சுற்றித்தான் ஐஸ் பெட்டிக்குள் வைத்தார். ஐஸ் நேராகப் பட்டாலும் கெட்டுவிடும் என்றார்.

மறுநாள் மாலையே வாட்ஸப்பில் ரிப்போர்ட் வந்தது, முழுக்க ஆங்கிலச் சுருக்கெழுத்தில். டாக்டர் படித்துச் சொன்ன பிறகுதான் புரிந்தது. ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு செம்மறிக்கு 27 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. என் இரண்டு ஆடுகளுக்கும் 16, 14. முதல் ஆட்டின் சிவப்பணுக்களுக்குள் தைலேரியா இருந்தது. உண்ணி பரப்பும் ஒட்டுண்ணி. அது கண்ணில் பட்டதாலேயே நோய் என்று முடிவுகட்டக் கூடாதாம், நன்றாக இருக்கும் ஆட்டிலும் கொஞ்சம் ஒளிந்திருக்குமாம். இந்த ஆட்டுக்கு 106 டிகிரி காய்ச்சலும் தோளுக்கு முன்னால் நெறிகட்டியும் சேர்ந்திருந்ததால் சந்தேகமில்லை என்றார். ஊசி போட்டார், உண்ணி மருந்தும் தெளித்தோம்.

இரண்டாவது ஆடுதான் என் கண்ணைத் திறந்தது. அதே வெளுத்த இமை, கூடவே தாடைக்குக் கீழே பை போல வீக்கம், காய்ச்சல் மட்டும் இல்லை. ரத்தத்தில் எந்த ஒட்டுண்ணியும் தெரியவில்லை. புழுக்கையைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தால் அத்தனையும் புழு முட்டை. நான்காம் வயிற்றில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் புழு அது. ஒன்று ஒரு நாளைக்கு 0.05 மில்லி குடிக்கும். ஆயிரம் இருந்தால் 50 மில்லி. ஆல்பெண்டசோல் அதற்குப் பழகிப்போயிருக்கும் என்று குளோசாண்டெல் என்ற வேறு பூச்சி மருந்து கொடுத்தார், தேறியது. ரத்தப் பரிசோதனை இங்கே காட்டியது ரத்தம் குறைந்ததை மட்டும்தான், புழுவைக் காட்டவில்லை. லேபில் இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு நடை மிச்சமாகியிருக்கும். அவர்களிடமே புழுக்கைப் பரிசோதனையும் இருக்கிறது, விலையும் குறைவு!

மற்றபடி வேலை சுத்தம். சில்லில் என்ன தெரிந்தது என்று படம் பிடித்தே அனுப்பினார்கள், அது எனக்குப் பிடித்தது.

42 ஆட்டுக்கும் எடுக்க யாருக்குக் கட்டும்? தென்னாப்பிரிக்காவில் உருவாக்கிய ஃபமாச்சா அட்டை ஒன்றை டாக்டர் காட்டினார். சிவப்பிலிருந்து வெளுப்பு வரை ஐந்து நிறம். கீழ் இமையைப் பிதுக்கி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதுதான். இப்போது பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்க்கிறேன். வெளுத்த ஆட்டுக்கு மட்டும் ரத்தம், கூடவே ஒரு பையில் புழுக்கை.

போகிறவர்கள் வெள்ளிக்கிழமை மதியத்துக்கு முன்னால் போய்விடுங்கள். சனி, ஞாயிறு பூட்டியிருக்கும்.