ஒரு ஜேபெக் ஃபைலுக்காக மூன்று நாள்

18 நாள் லீவில் வந்துவிட்டு அதில் மூன்று நாளை ஒரு கேமரா கடையில் தொலைத்தவன் புதுச்சேரியிலேயே நான் ஒருவன்தான் இருப்பேன். அக்கா இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். பாரிஸிலிருந்து வந்தவன் மணக்குள விநாயகரைக்கூட அவசரத்தில் எட்டிப் பார்த்துவிட்டு, கடைக்காரன் முகத்தைத்தான் நிதானமாகத் தரிசித்தானாம்.

விஷயம் சின்னது. அக்கா மகன் விஸ்காம் சேர்ந்திருக்கிறான், கேமரா வேண்டும். என்னிடம் நிகான் 50 எம்எம் 1.8 டி லென்ஸ் ஒன்று சும்மா கிடந்தது. அவனுக்கென்று எடுத்து வந்தேன். பழைய ரகம், லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. லென்ஸ் மாட்டும் கேமரா பாடியில் மோட்டார் இருந்தால்தான் ஆட்டோஃபோகஸ் ஓடும். டி5600 மாதிரி சின்ன பாடிகளில் அது இல்லை. மோட்டார் உள்ளதைப் புதிதாக வாங்க 30 ஆயிரம் பட்ஜெட் போதாது. ஆகவே டி7200, செகண்ட்ஸில். 2015இல் வந்த மாடல். படத்துக்குப் படம் திறந்து மூடும் ஷட்டர் 1,50,000 கிளிக் வரை சோதிக்கப்பட்டது என்பது நிகான் கணக்கு. எத்தனை ஓடியிருக்கிறது என்று தெரிந்தால் விலை பேசிவிடலாம்.

நேரு வீதியிலிருந்து பிரியும் ஒரு தெருவில் அந்தக் கடை. கண்ணாடி அலமாரியில் நான் தேடிய அதே பாடி, மேலே பச்சை ஸ்டிக்கர்: 'ரீஃபர்பிஷ்ட்'. விலை 29 ஆயிரம். செகண்ட்ஸுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். "செகண்ட்ஸ்னா அப்படியே தருவோம் சார். இது தொடச்சி, க்ளீன் பண்ணி, பாக்ஸ் போட்டு வச்சது" என்றார். மனுஷன் பொய் சொல்லவில்லை, அதை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

பிரான்சில் 2022 பிப்ரவரியில் இதற்கென்றே ஓர் அரசாணை வந்தது. பொருளின் எல்லாச் செயல்பாடுகளையும் சோதித்து, தேவையானால் பழுது பார்த்து, முந்தைய ஆளின் தகவல்களை அழித்த பிறகுதான் 'ரெகோந்திசியோனே', அதாவது ரீஃபர்பிஷ்ட், என்று எழுதலாம். 'புதியது போல' என்று எழுதவே கூடாது. கடைக்காரரிடம் வாங்கினால் பழைய பொருளுக்கும் இரண்டு வருஷச் சட்டப் பொறுப்பு அவர் தலையில். முதல் 12 மாதத்தில் கோளாறு வந்தால் விற்கும்போதே இருந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இதையெல்லாம் நான் விளக்க ஆரம்பித்ததும் மருமகன் என் முழங்கையைக் கிள்ளினான். "மாமா, வேணாம்."

சரி, ஷட்டர் கவுன்ட் எவ்வளவு? "வெறும் 12 ஆயிரம் சார். ஒரு டாக்டர் வீட்டுல வச்சிருந்தது." பழைய கேமரா எல்லாம் ஏன் டாக்டர் வீட்டிலிருந்தே வருகிறதோ. பாடியைத் திருப்பிப் பார்த்தேன். ஃபிளாஷ் மாட்டும் ஷூவில் பெயின்ட் தேய்ந்து வெறும் உலோகம் பளபளத்தது. கைப்பிடி ரப்பர் ஓரத்தில் பசை தெரிந்தது. அந்த டாக்டர் நோயாளிகளை ஃபிளாஷ் போட்டுத்தான் பார்த்திருக்க வேண்டும்.

நிகானில் ஷட்டர் எண்ணிக்கை ஒவ்வொரு படத்தின் ஃபைலுக்குள்ளும் பதிவாகும். ஒரே ஒரு படம், ஜேபெக் ஃபைலாக எடுத்துக் கொடுங்கள், போதும் என்றேன். கொண்டுபோன கார்டை நீட்டினேன். "வெளி கார்டு போட்டா வைரஸ் ஏறிடும் சார்." அப்படியானால் உங்கள் கார்டில் எடுத்து அனுப்புங்கள் என்று நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன். சாயந்திரம் வாட்ஸ்அப்பில் வந்தது, கல்லாப் பெட்டியின் படம். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது உள்ளே இருக்கும் தகவலையெல்லாம் உதறிவிடும், கவுன்ட்டும் போயிற்று. "டாக்குமென்ட்டா அனுப்புங்க" என்று எழுதினேன். அரைமணி கழித்து டாக்குமென்ட் வந்தது. அதே கல்லாப் பெட்டி, பிடிஎஃப்பில்.

மறுநாள் போனபோது மணி 12.50. ஒரு மணிக்குக் கடை மூடினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள் என்பது இந்த ஊரில் வளர்ந்த எனக்குத் தெரியாதா? மறந்துவிட்டேன். 19 வருஷப் பாரிஸ் வாசம் அப்படி. வெறுங்கையோடு கடற்கரை வரை நடந்தேன். அப்பாவின் யாஷிகாவில் 36 படத்தையும் எடுத்து முடிக்க ஆறு மாதம் ஆகும். ரோலைக் கழுவக் கொடுத்தால், ஸ்டூடியோக்காரர் நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்து "இதுல நாலு தேறாது, பிரின்ட் போட வேணாம்" என்று அவராகவே காசைக் குறைப்பார். அந்தக் கேமரா தோல் உறையோடு பீரோவிலேயே கிடந்து லென்ஸில் பூஞ்சை பிடித்துச் செத்தது. கடல் காற்று ஊரில் தோல் உறை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும். இப்போது எந்தப் பழைய லென்ஸைப் பார்த்தாலும் முதலில் பின்னாலிருந்து டார்ச் அடித்துத்தான் பார்க்கிறேன். சிலந்தி வலை மாதிரி நூல் தெரிந்தால் வைத்துவிட வேண்டியதுதான்.

நாலரைக்குத் திரும்பப் போனேன். பேச்சு பில்லுக்குத் தாவியது. "பில் வேணும்னா 18 பர்சென்ட் சேரும் சார்." அக்கா வீட்டுக்காரர் வணிகவரி அலுவலகத்தில் இருந்தவர். பழைய பொருள் விற்பவர் அதற்குரிய முறையில் வரி கட்டினால் லாபத்துக்கு மட்டும்தான் வரி, முழு விலைக்கும் இல்லை என்றார். அதைக் கடையில் வந்து சொல்லக் கூப்பிட்டதற்கு, முட்டிவலி என்றார்.

மூன்றாம் நாள் முதலாளி டீ குடிக்கப் போயிருந்த நேரம். கடைப் பையன் தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கார்டைக் குடுங்கண்ணே, சீக்கிரம்" என்றான். ஒரே ஒரு படம். மருமகன் அங்கேயே லேப்டாப்பைத் திறந்தான். 1,41,206.

முதலாளி வந்தார். எண்ணைக் காட்டினோம். முகத்தில் ஒரு சின்ன அசைவுகூட இல்லை. "அது மெஷின் கவுன்ட் சார். ஷட்டர் கவுன்ட் வேற."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அந்த எண்ணை முதலிலேயே சொல்லி 15 ஆயிரம் கேட்டிருந்தால் யோசித்துக்கூட இருப்பேன். ஷட்டர் போனால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அவர் அதைச் சொன்ன நிதானத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு வில்லியனூர்ப் பக்கம் ஒரு கல்யாண போட்டோகிராபர், மிரர்லெஸ் என்ற புது ரகக் கேமராவுக்கு மாறுகிறவர், தன்னுடைய டி7200ஐ 27 ஆயிரத்துக்குக் கொடுத்தார். கேட்பதற்கு முன்பே, "63 ஆயிரம் ஓடியிருக்கு சார், எல்லாம் முகூர்த்தம்தான்" என்றார். வாரன்டி கிடையாது. பழைய பில்லும் டீயும் கொடுத்தார். அரைமணி நேரத்தில் முடிந்த அந்த வேலையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பாரிஸ் திரும்பி ஒரு மாதம் ஆகிறது. கடைக்காரரிடமிருந்து தினமும் ரோஜாப்பூவோடு குட்மார்னிங் வருகிறது. நேற்று கூடவே ஒரு செய்தி: "சார், அந்தப் பீஸ் இன்னும் இருக்கு. உங்களுக்காக 26. கவுன்ட் 9 ஆயிரம்தான்."