செவ்வரத்தைப் பூச்சிக்கு சவுக்காரத் தண்ணியா, வேப்பங்கொட்டையா?

மொட்டடியில பஞ்சு அப்பின மாதிரி வெள்ளையா இருந்தா அது வெண்மூட்டுப்பூச்சிதான், எறும்பும் கூட ஏறி இறங்கினா சந்தேகமே வேண்டாம்.

சவுக்காரத் தண்ணி உடன வேலை செய்யும், ஆனா பூச்சியில நேரா பட்டால்தான் சாகும், காய்ஞ்சாப் பிறகு அதால ஒரு பிரயோசனமும் இல்லை. அதைவிட வன்னியில கன இடங்களில கிணத்துத் தண்ணி கல்சியம் கூடினது, கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியுதெல்லோ, அந்தத் தண்ணியில சவுக்காரம் திரைஞ்சு பாதி வீணாப் போகும், மழைத்தண்ணி பிடிச்சு வச்சிருந்தா அதில கரைக்கிறதுதான் சரி. சட்டி கழுவுற லிக்குயிட்டை ஊத்தாதேங்கோ, இலை கருகும்.

வேப்பங்கொட்டை மெதுவான ஆள். பருப்பை இடிச்சு லீற்றருக்கு 50 கிராம் கணக்கில இரவு ஊறப்போட்டு வடிச்சு அடிக்கோணும். அதில இருக்கிற அசாடிரக்டின் பூச்சியைத் தின்ன விடாது, குஞ்சுகளைத் தோல் கழட்டி வளரவும் விடாது, அதால பலன் தெரிய நாலைஞ்சு நாள் செல்லும். வெய்யில் பட்டா சத்துப் போயிடும், பொழுதுபடத்தான் அடிக்கோணும்.

என்னைக் கேட்டா வேப்பங்கொட்டைதான், முத்தத்தில சும்மா கொட்டிக் கிடக்குது. பூச்சி அப்பிப்போய் இருந்தா மட்டும் முதல்ல சவுக்காரம். எது அடிச்சாலும் எறும்பை விரட்டாட்டி பூச்சி திரும்ப வரும்.