புதன்கிழமை நாலு மணிக்குத் தாங்குமா? கார் கடை மென்பொருள்கள், ஓர் ஒப்பீடு

கார் கடைகளுக்கு ஏஐ மென்பொருள் விற்க வருபவர்களை சிங்கப்பூரின் உபி, சின் மிங், லெங் கீ பக்கம் இப்போது அடிக்கடி பார்க்கலாம். திரையில் காட்டுவது அழகாகவே இருக்கிறது. வாடிக்கையாளர் பெயரைத் தட்டினால் அவர் முன்பு வாங்கிய வண்டி, சர்வீஸ் கணக்கு, அடுத்து எப்போது வண்டி மாற்றுவார் என்ற ஊகம் வரை வந்துவிடுகிறது. சிஓஇ, அதாவது கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கவேண்டிய பத்தாண்டு உரிமைச் சான்றிதழ், அதைப் பற்றி மட்டும் கேட்டால்தான் "அதைத் தனியாகச் செய்து தருகிறோம்" என்கிறார்கள்.

சிங்கப்பூரில் கார் வியாபாரத்தின் கழுத்துப் பிடி அங்கேதான் இருக்கிறது. மாதம் இருமுறை, திங்கள் நண்பகலில் தொடங்கும் ஏலம் புதன் மாலை 4 மணிக்கு முடிகிறது. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான பி பிரிவு 150,001 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) தொட்டது நினைவிருக்கும். ஏலம் முடிந்ததும் விலைப்பட்டியல் மாறும். பேசி முடித்த ஒப்பந்தங்களில் யாருக்குக் கழிவு திருப்பித் தரவேண்டும், யார் கூடுதலாகக் கட்டவேண்டும், யாருக்குச் சான்றிதழ் கிடைக்காமல் அடுத்த ஏலத்துக்குப் போகவேண்டும் என்றெல்லாம் அன்று மாலையே கணக்கிட வேண்டும். ஏ, பி பிரிவுகளில் ஒவ்வோர் ஏலக்கேள்விக்கும் 10,000 வெள்ளி பிணைத்தொகை வேறு. நான் மென்பொருள்களை ஒப்பிடுவது இந்த மாலையை வைத்துத்தான். ஏஐ எவ்வளவு புத்திசாலி என்பதெல்லாம் அப்புறம்.

கடைக்காரர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன: வெளிநாட்டுப் பெரிய தளம், உள்ளூர் மென்பொருள், இல்லாவிட்டால் இப்போதிருக்கும் எக்செல்லும் வாட்ஸ்அப்பும்.

பெரிய தளங்கள்

அமெரிக்காவின் ரெனால்ட்ஸ் அண்ட் ரெனால்ட்ஸ் 1866இல் ஒஹாயோவில் அச்சிட்ட படிவங்கள் விற்கத் தொடங்கிய நிறுவனம். சிடிகே என்ற இன்னொரு கார் கடை மென்பொருள் நிறுவனம் 2014இல் ஏடிபியிலிருந்து பிரிந்து வந்தது. அதன் சர்வதேசப் பிரிவு 2021இல் கைமாறி, கீலூப் என்று பெயர் மாறியது. இந்தப் பழைய கைகளுக்கு எதிராக வந்தது டெக்கியான். டெஸ்லாவில் தகவல் தொழில்நுட்பத் தலைவராக இருந்து, அந்த நிறுவனத்துக்கான உள் மென்பொருளைக் கட்டிய ஜெய் விஜயன் 2016இல் தொடங்கியது. பழைய மென்பொருளின் மேல் பூச்சு பூசாமல், முதலிலிருந்தே கிளவுடுக்காக எழுதினோம் என்பதே அவர்களின் முக்கிய விற்பனை வாதம்.

அந்த வாதத்தில் உண்மை உண்டு. ஷோரூம், பட்டறை, உதிரிபாகக் கிடங்கு, கணக்குப் பிரிவு நாலும் ஒரே தரவில் ஓடினால், ஏஐக்கு உருப்படியான வேலை கிடைக்கும். எந்த வண்டிக்கு பிரேக் பேட் மாற்றும் நேரம் நெருங்குகிறது, எந்தப் பாகத்தை முன்கூட்டியே தருவிக்கலாம், மெக்கானிக் சொன்னதைக் கேட்டு வேலைச்சீட்டை எப்படி எழுதுவது போன்றவற்றில் அது நன்றாகவே செய்கிறது. லெங் கீ சாலையில் பட்டறையோடு இருக்கும் அதிகாரபூர்வ முகவர்களுக்கு இது பணம் மிச்சப்படுத்தும்.

ஆனால் எல்லா முட்டையும் ஒரே கூடையில் இருக்கும். 2024 ஜூனில் சிடிகே இணையத் தாக்குதலுக்கு உள்ளானபோது, வட அமெரிக்காவில் அதை நம்பியிருந்த ஏறத்தாழ 15,000 கடைகளில் வேலை தடைபட்டது. பலர் பேனாவும் காகிதமுமாக வண்டி விற்றார்கள். முழுச் சேவையும் திரும்ப இரண்டு வாரம் போல ஆனது. நம் ஊரில் அந்த இரண்டு வாரத்துக்குள் ஓர் ஏலம் வந்து போயிருக்கும்.

இன்னொன்று வரி. அமெரிக்க வரியும் கடன் படிவமும் தெரிந்த மென்பொருளுக்கு ஓஎம்வி (சுங்கத்துறை மதிப்பிடும் இறக்குமதி விலை), ஏஆர்எஃப் (அதன் மேல் கட்டும் கூடுதல் பதிவுக் கட்டணம்), பார்ஃப் (வண்டியின் பதிவை நீக்கும்போது அதில் திரும்பக் கிடைக்கும் கழிவு) எதுவும் தெரியாது. எல்லாவற்றையும் தனியாகக் கட்டவேண்டும், அதற்குத் தனி ரசீதும் வரும்.

உள்ளூர் மென்பொருள்

இங்கே திரை கொஞ்சம் பழைய பாணியில் இருக்கும். ஏஐ என்று பெரிதாக எதுவும் இருக்காது. ஆனால் நல்ல உள்ளூர் மென்பொருளுக்கு இந்த ஊரின் வரி புரியும்.

பழைய கார் விற்பனையில் ஜிஎஸ்டியை எடுத்துக்கொள்வோம். தள்ளுபடி விற்பனை விலைத் திட்டத்தில், விற்பனை விலையில் பாதிக்கு மட்டும் வரி. 80,000 வெள்ளி வண்டிக்கு 40,000இல் 9%, அதாவது 3,600 வெள்ளி. லாபத்தின் மீது மட்டும் வரி கட்டும் இன்னொரு திட்டமும் உண்டு. ஜிஎஸ்டி பதிவில்லாத தனிநபரிடம் வாங்கி, வரியும் சேர்த்து 6,000 வெள்ளி லாபம் வைத்து விற்றால் வரி சுமார் 495 வெள்ளிதான். இதே வண்டியைப் பதிவுள்ள நிறுவனத்திடமிருந்து வழக்கமான வரி ரசீதோடு வாங்கியிருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். ஆகவே எந்த வண்டி எப்படி உள்ளே வந்தது என்று வாங்கும் அன்றே குறித்து வைக்காத மென்பொருள், எத்தனை ஏஐ வைத்திருந்தாலும் கடைக்கு நஷ்டம்தான்.

விதிகளும் அடிக்கடி மாறுகின்றன. 2023 பட்ஜெட்டில் ஏஆர்எஃப் படிகள் உயர்ந்தன; பார்ஃப் கழிவுக்கு 60,000 வெள்ளி உச்சவரம்பு வந்தது. அதற்கு முன் பதிவான வண்டிக்கு ஒரு கணக்கு, பிறகு பதிவானதற்கு இன்னொன்று என்றானது. உள்ளூர்க்காரர் இதை ஓரிரு நாளில் திருத்திவிடுவார். வெளிநாட்டுத் தளத்தில் இது ஒரு கோரிக்கை எண்ணாக வரிசையில் நிற்கும்.

பலவீனமும் சொல்லவேண்டும். சிறிய நிறுவனங்களில் எல்லாம் ஒரே புரோகிராமர் தலையில் இருக்கும். அவர் வேலையை விட்டால் மென்பொருள் அப்படியே உறைந்துவிடும். செலவில் கைகொடுக்க பிஎஸ்ஜி என்ற அரசு மானியம் உண்டு, தகுதியுள்ள சிறு நிறுவனங்களுக்கு 50% வரை. ஆனால் அது முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற தீர்வுகளுக்கு மட்டும். மானியம் கிடைக்கிறதே என்பதற்காகப் பொருந்தாத மென்பொருளை வாங்கினால், மீதிப் பாதி நம் பணம்தான்.

எக்செல், வாட்ஸ்அப்

இதைக் கேலி செய்ய மனம் வரவில்லை. பத்து பதினைந்து வண்டி வைத்திருக்கும் முதலாளிக்கு எல்லாம் மனப்பாடம்; எக்செல் ஒரு துணைதான். ஆபத்து விற்பனையாளர்களின் கைப்பேசியில் இருக்கிறது. வாடிக்கையாளரின் அடையாள அட்டைப் படம், கடன் விவரம் எல்லாம் சொந்த வாட்ஸ்அப்பில். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதற்குக் கடைதான் பொறுப்பு. அவர் பக்கத்துக் கடைக்கு மாறினால் வாடிக்கையாளர்களும் கூடவே போய்விடுவார்கள். இதற்கு ஏஐ தேவையே இல்லை, கடையின் பெயரில் ஒரு பொது வாட்ஸ்அப் கணக்கு போதும்.

ஏஐ எங்கே உதவும்?

விலை சொல்லும் ஏஐ பற்றி எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. இங்கே பழைய காரின் விலையைப் பெரும்பாலும் டெப்ரி கணக்கே, அதாவது ஆண்டுக்கு எவ்வளவு மதிப்பு தேய்கிறது என்ற கணக்கே, சொல்லிவிடுகிறது. 90,000 வெள்ளி வண்டி, பத்தாம் ஆண்டு முடிவில் 10,000 பார்ஃப் கழிவு, இன்னும் ஆறு ஆண்டு ஆயுள் என்றால் ஆண்டுக்குச் சுமார் 13,300. அதே மாடலுக்கு இணையத்தில் மற்றவர்கள் போட்டிருக்கும் டெப்ரியோடு ஒப்பிட்டால் விலை கிட்டத்தட்ட முடிவாகிவிடும். நிறம், எத்தனை கை மாறியது, மைலேஜ் என்ற மிச்சத்துக்குத்தான் ஏஐ. நாட்டின் கார் சந்தையும் சிறியது. அரிதான மாடல்களில் அது கற்றுக்கொள்ளத் தரவே போதாது. ஆயிரக்கணக்கில் வாங்கி விற்கும் காரோ போன்ற நிறுவனத்துக்கு அது பயன்படலாம். உபியில் ஒரு யூனிட் வைத்திருப்பவருக்கு?

பதில் சொல்லும் சாட்பாட் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2023 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் வாட்சன்வில்லில் ஒரு ஷெவ்ரலே கடையின் சாட்பாட், ஒரு குறும்புக்காரரின் பேச்சுக்கு மயங்கி டாஹோ வண்டியை ஒரு டாலருக்குத் தருவதாக ஒப்புக்கொண்டது. சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இங்கே ஒரு சாட்பாட் "முன்பணமே வேண்டாம், முழுக் கடன்" என்று சொல்லிவிட்டால் சிரிப்பு வராது. ஓஎம்வி 20,000 வெள்ளிக்குள் இருந்தால் விலையில் 70% வரை கடன், தாண்டினால் 60%, அதிகபட்சம் ஏழு ஆண்டு என்பது சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதி. "லாஸ்ட் ப்ரைஸ் எவ்வளவு பாஸ்?" என்று இரவு பதினொரு மணிக்கு வரும் செய்திக்கு வரைவுப் பதில் எழுதட்டும், காலையில் மனிதர் பார்த்து அனுப்பட்டும். பதிவு அட்டை, சோதனை அறிக்கை, வங்கிக் கடிதம் ஆகியவற்றைப் படித்துக் கட்டங்களை நிரப்புவதுதான் ஏஐ இன்று நம்பகமாகச் செய்யும் வேலை. குறையுள்ள பொருளுக்கு விற்றவரைப் பொறுப்பாக்கும், 2012 முதல் இருக்கும் 'லெமன்' சட்டம் பழைய கார்களுக்கும் பொருந்துவதால், சோதனை அறிக்கையை ஒப்பந்தத்தோடு சேர்த்து வைப்பதே தனி லாபம்.

ஆகவே, பட்டறையும் பல கிளைகளும் உள்ள முகவர் என்றால் பெரிய தளத்தைப் பார்க்கலாம், சிஓஇ பகுதி ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தால் மட்டும். பழைய கார் கடைக்கு என் ஓட்டு உள்ளூர் மென்பொருளுக்கு. ஏஐயைத் தனியாக, மாதச் சந்தாவில், வேண்டாதபோது நிறுத்தும்படி ஒட்டிக்கொள்ளலாம். பத்து வண்டிக்காரர் அவசரப்பட வேண்டாம்.

யார் டெமோ காட்ட வந்தாலும் அவர்கள் தயாரித்த மாதிரி வண்டியைப் பார்க்காதீர்கள். உங்கள் கோப்பில் இருக்கும் மிகச் சிக்கலான ஒப்பந்தத்தை எடுத்துக் கொடுங்கள்: ஏலத்தில் இருமுறை தோற்றது, பழைய வண்டியை டிரேட்-இன் கொடுத்தது, கடன் பாக்கி இருந்தது. உங்கள் முன்னாலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். முடிந்ததும் அந்த ஒப்பந்தத்தின் முழுத் தரவையும் எக்செல் கோப்பாக இறக்கித் தரச் சொல்லுங்கள். இரண்டாவதற்குத் தயங்கினால் கையெழுத்துப் போடாதீர்கள்.