கொன்டக்ட் லென்ஸ்: மகளும் நானும் பழகிய இரண்டு வருடம்

மகள் தரம் 6இல் வலைப்பந்து அணியில் சேர்ந்தாள். இரண்டு கண்ணும் மைனஸ் 5.50. ஓடும்போதெல்லாம் கண்ணாடி வழுகும், பந்து பட்டால் வளையும். கண் மருத்துவர் சோதித்துவிட்டு, தினமும் புதிதாகப் போட்டு இரவில் எறிந்துவிடும் மெல்லிய லென்ஸ் எழுதித் தந்தார். சீட்டில் 5.25 என்றிருந்தது. பிழையோ என்று பதறிவிட்டேன். கண்ணாடி கண்ணிலிருந்து சற்றுத் தள்ளி நிற்கிறது, லென்ஸ் கண்மேலேயே உட்காருகிறது. அதனால் கூடின பவருக்கு இப்படி வித்தியாசம் வருமாம்.

கடையில் போடுவதைப் பொறுமையாகக் காட்டினார்கள். கழற்றுவதை வாயால் சொன்னதோடு சரி. அன்றிரவு பத்து மணிவரை இருவரும் போராடினோம். பிள்ளை அழுது கண் சிவந்துவிட்டது. கடைசியில் பார்த்தால் இடது லென்ஸ் எப்போதோ விழுந்து அவளது சட்டையில் காய்ந்து ஒட்டியிருக்கிறது. இல்லாத லென்ஸையா இவ்வளவு நேரம் கிள்ளினோம் என்று நினைக்க எனக்கே நெஞ்சு வலித்தது. இப்போதென்றால் மறு கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர்க் கலண்டரைப் பார்க்கச் சொல்வேன். திகதி தெளிவாகத் தெரிந்தால் லென்ஸ் உள்ளேதான் இருக்கிறது.

இரண்டு வாரம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பிறகு மருத்துவரிடம் கேட்டு, முறையை மாற்றினோம்: நான் போட்டுவிடுவேன், அவள்தான் கழற்ற வேண்டும். மேலே பார்த்தபடி நடுவிரலால் கீழிமையை இழுத்து, சுட்டுவிரலால் லென்ஸை வெண்விழிக்கு இறக்கி, நகம் படாமல் விரல் சதையால் மெதுவாகக் கிள்ள வேண்டும். நாலாம் நாள் தானாகவே எடுத்தாள். எடுக்க முடியும் என்று தெரிந்ததும் பயம் பாதி போய்விட்டது, தானே போடப் பழக ஒரு கிழமைகூட ஆகவில்லை. விரல்நுனி ஈரமாக இருந்தால் லென்ஸ் விரலைவிட்டு வராது, அதை மட்டும் கவனிக்க வேண்டும். லென்ஸ் கிண்ணம்போல் நின்றால் சரி, விளிம்பு தட்டுப்போல் விரிந்தால் புறம் மாறியிருக்கிறது.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் நான் இரங்குவதே இல்லை. ஒருமுறை கீழே விழுந்த லென்ஸைக் கிணற்றுத் தண்ணீரில் அலசினாள். உடனே வாங்கி எறிந்தேன். கிணறு, குழாய், கடல் எல்லாவற்றிலும் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கலாம். லென்ஸோடு கண்ணுக்குள் போனால் கருவிழியைப் புண்ணாக்கிப் பார்வையையே கெடுத்துவிடும். அதனால் உப்புவெளிக் கடலுக்கும் கன்னியா வெந்நீரூற்றுக்கும் கண்ணாடியோடுதான் போவாள், குளிக்கும்போது அதையும் கழற்றிவிடுவாள். புறாத்தீவில் மற்றப் பிள்ளைகள் மீன் பார்த்துக் கத்தும்போது இவளுக்கு எல்லாம் மங்கல். அந்த மனக்குறை எனக்கு இன்னும் இருக்கிறது. பவர் போட்ட நீச்சல் கண்ணாடி வாங்கித் தர வேண்டும்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கண் வறண்டு லென்ஸ் ஒட்டிக்கொள்ளும். லென்ஸோடு விடக்கூடிய சொட்டு மருந்தை விட்டுச் சில நிமிடம் பொறுத்தால் இளகி வரும். அந்த நாட்களில் விளையாட்டு நேரத்துக்கு மட்டும் போடுகிறாள்.

கண்ணாடி எப்போதும் பள்ளிக்கூடப் பையில் இருக்கும். போன மாதம் ஆட்டத்தின் நடுவே கண்ணில் தூசி விழுந்து உறுத்தியிருக்கிறது. சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, துடைத்து, இரண்டு லென்ஸையும் எடுத்தெறிந்துவிட்டு, கண்ணாடியோடு மீதி ஆட்டத்தை ஆடியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கும்போதுதான் எனக்குச் சொன்னாள்.