கிளட்ச் சிலிண்டர் என்று போலியைத் தலையில் கட்டினார்கள்: 1,850 ராண்ட் போச்சு

கையில் இன்னும் பிரேக் ஆயில் நாற்றம் போகவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். டர்பனில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் 1,850 ராண்ட் கொடுத்து வாங்கிய கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஆயில் அழுத்தத்தில் கிளட்சை விலக்கும் பாகம்) போலி. பணமும் திரும்பவில்லை, மாற்றுப் பாகமும் தரவில்லை. கடைப் பெயரைக் கேட்காதீர்கள், புகார் போய்க்கொண்டிருக்கிறது.

வண்டி பழைய டொயோட்டா ஹைலக்ஸ் பக்கி, அதாவது பிக்அப். இதே டர்பனில், ப்ரோஸ்பெக்டனில்தான் ஹைலக்ஸ் செய்கிறார்கள். அந்த ஊரிலேயே அசல் பாகத்துக்கு இந்தப் பாடு! ஹிக்கின்சன் ஹைவே ஏற்றத்தில் மிதித்த கிளட்ச் பெடல் மேலே வரவில்லை. ரிவர்ஸ் போட்டால் பற்கள் கரகரவென்று உரசின. வீட்டுக்கு உருட்டி வந்து ஸ்லேவ் சிலிண்டரின் முனையில் உள்ள ரப்பர் உறையைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஆயில். சீல் போய்விட்டது, அவ்வளவுதான் விஷயம்.

கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் பில்லில் என் பெயரை எழுதும்போது நிமிர்ந்து, "தமிழா?" என்றார். டர்பனில் தமிழ்ப் பெயர்களுக்குக் குறைவில்லை, தமிழில் பேசுகிற ஆள் கிடைப்பதுதான் அரிது. ஊர் எது, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்றெல்லாம் விசாரித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அண்ணா, மலிவு மாலும் இருக்கு. உங்களுக்கு அதைக் குடுக்க மனசு வரலை. இது ஒரிஜினல், என் வண்டிக்கே இதைத்தான் போட்டேன்" என்றார். பெட்டியின் சீலை என் முன்னாலேயே கிழித்து, பளபளக்கும் ஸ்டிக்கரை விளக்கில் சாய்த்துக் காட்டினார். பில்லில் மட்டும் பார்ட் நம்பர் இல்லை. "கிளட்ச் பார்ட்" என்று இரண்டே வார்த்தை.

மாட்டுவது பெரிய வேலை இல்லை, இரண்டு போல்ட், ஒரு பைப். பிறகு ஏர் எடுக்க வேண்டும், அதாவது பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். மச்சான் உள்ளே உட்கார்ந்து பெடலை மெதுவாக அடித்து அமுக்கிப் பிடிப்பான். நான் கீழே படுத்து நிப்பிளைத் திறப்பேன். குழாய் வழியாகக் குமிழியோடு ஆயில் பாட்டிலுக்கு வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் அவன் காலை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். பெடல் தானாக எழாது, கையால் தூக்கிவிட வேண்டும். கிளட்ச் ஆயில் டேங்கில் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருந்தோம், அதுவும் புதிதாக உடைத்த டாட் 4 பிரேக் ஆயில். திறந்து வைத்த பழைய பாட்டில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துவிடும், அதைத் தொடவே இல்லை. குமிழி நின்றது, பெடல் கெட்டியானது, கியரும் சுகமாக விழுந்தது.

மறுநாள் காலை பெடல் மறுபடி தரையில். புது சிலிண்டரின் ரப்பர் உறையைத் தூக்கினால் ஆயில் தளும்புகிறது!

கடையில் அதே மனிதர். இப்போது தமிழ் மறந்துவிட்டது, எல்லாம் இங்கிலீஷ். "ஏர் சரியா எடுக்கலை, வீட்டுல செஞ்சா இப்படித்தான்" என்பதன் நாகரிக வடிவம். ஏர் இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், சரி. ரப்பர் உறைக்குள் ஆயில் எப்படி வரும்? பிஸ்டன் சீலைத் தாண்டாமல் ஒரு சொட்டுகூட அங்கே வர வழியில்லை. இதைச் சொன்னதும் மேனேஜர் இல்லை என்றார்கள். மேனேஜர் வந்தபோது, மாட்டிய பாகத்துக்கு ரிட்டர்ன் இல்லை என்று சுவரில் இருந்த போர்டைக் காட்டினார். அப்புறம் வொர்க்ஷாப் பில் கேட்டார்கள். அப்புறம் சப்ளையருக்குச் சோதனைக்கு அனுப்புகிறோம் என்று சிலிண்டரையே வாங்கி வைத்துக்கொண்டார்கள். வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழுகிறது, பதில் மட்டும் இல்லை. 1,850 ராண்ட்! சும்மா வந்த காசா?

வேறு இடத்தில் வாங்கிய சிலிண்டரை அதே கையால், அதே முறையில் மாட்டி ஏர் எடுத்தேன். ஒரு சொட்டு கசிவில்லை. வீட்டு வேலைதான் கோளாறு என்றவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

விவரமாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. பில்லில் பார்ட் நம்பர் எழுத வைத்த பிறகே காசைக் கொடுங்கள். மாட்டுவதற்கு முன்பும், கசிந்தால் ரப்பர் உறையைத் தூக்கியும் போட்டோ எடுங்கள். கையெழுத்து வாங்காமல் பாகத்தைத் திரும்பக் கொடுக்காதீர்கள். சுவர் போர்டுக்குப் பயப்பட வேண்டாம்: தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56-ஆம் பிரிவுப்படி, குறையுள்ள பொருளை 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். ரிப்பேரா, மாற்றா, பணமா என்று தேர்ந்தெடுப்பது நாம்தான். முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், அசையாவிட்டால் மோட்டார் துறை ஆம்பட்ஸ்மனிடம் (வாகனத் துறைப் புகார்களை விசாரிக்கும் அமைப்பு) போங்கள். என் 1,850 ராண்டுக்கு நானும் அங்கேதான் எழுதியிருக்கிறேன். பிரேக் ஆயில் பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், உரித்துவிடும்.